இரண்டாவது அரைமணி

"எவ்வளவு மாமா வந்திருக்கு?"

"நாலு புள்ளி ரெண்டு."

"அஞ்சுக்குக் கீழ இருந்தா பாஸ்தானே?"

"பாஸ்தான்டா."

"அப்படியா? கடைசியில மூச்சு வாங்கின வாங்குக்கு நான் பெயில்னே முடிவு பண்ணிட்டேன். சரி, அது சோம்பேறித்தனம் போல. மில்லிகிராம் மாமா கணக்கு தப்பாவா போகும்?"

மச்சினன் அன்று ட்ரெட்மில்லின் ஓரத்தில் உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முகத்தை நிமிர்த்தாமலே இதைச் சொன்னான். பத்து மாதம் ஆகிவிட்டது. அதே மாடி அறையில், அதே ட்ரெட்மில்லில், அதே கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஏறும் ஒவ்வொரு மாலையும் அந்தப் பேச்சு முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை அந்த மாமாவுக்குள் ஒரு முறை ஓடி முடிந்துவிடும்.

அவன் வேலை எடைக்கருவிகளைச் சரிபார்ப்பது. ஆலைகளுக்குப் போவான், பித்தளைப் படிக்கற்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைப்பான், முள் எங்கே நிற்கிறதோ அதை எழுதுவான். ஒரு கிராம் தள்ளி நின்றாலும் கருவிக்குச் சிவப்புச் சீட்டு. கெஞ்சினாலும் கேட்கமாட்டான். அதனால்தான் மச்சினன் அவனுக்கு மில்லிகிராம் என்று பெயர் வைத்தான். பதிலுக்கு அவன் வைத்த பெயர் மெத்தை. மச்சினன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். புது மெத்தையின் பிளாஸ்டிக் உறையும் நுரையும் கலந்த வாசனை அவன் சட்டையிலும் முடியிலும் எப்போதும் இருக்கும். அக்கா வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தான். "கடையில நாள் பூரா மத்தவங்களைப் படுத்துப் பாருங்க, படுத்துப் பாருங்கன்னு சொல்றேன், எனக்கு ஒரு நாள் யாராவது சொல்றாங்களா?" என்பான்.

இப்போது அந்த அறையில் ட்ரெட்மில்லும் ஒரு மின்விசிறியும் மட்டும்தான்.

மூன்று வாரங்களுக்கு முன்பு தொடங்கியது இது. மலை ஓட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. போன வருடம் மச்சினன் பத்தொன்பதாவது கிலோமீட்டரில் விழுந்த அதே ஓட்டம். இந்த வருடம் மச்சினன் நெஞ்சில் குத்தியிருந்த ஓட்ட எண்ணை மாட்டிக்கொண்டு தன் கணவன் ஓடி முடிக்க வேண்டும் என்று மனைவி கேட்டாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. மடித்து வைத்திருந்த எண் துணியை மேசைமேல் வைத்து, "அவன் நின்ன இடத்துலேர்ந்து நீங்க கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். மறுக்க அவனால் முடியவில்லை. மறுத்தால் ஏன் என்று கேட்பாள்.

கோச்சிடம் போனான். கோச் யாரையும் நீண்ட ஓட்டத்துக்கு அனுப்புவதற்கு முன் டிரிஃப்ட் டெஸ்ட் கேட்பவர். பெரிய விஷயமில்லை. ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். நெஞ்சில் கட்டிய பெல்ட் இதயத் துடிப்பைக் கைக்கடிகாரத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். முதல் அரைமணியின் சராசரியையும் இரண்டாவது அரைமணியின் சராசரியையும் எடுத்துப் பார்ப்பார். வேகத்தைக் கூட்டாமலே துடிப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறியிருந்தால் அந்த வேகம் அந்த உடம்புக்கு அதிகம். மெதுவாக ஓடு, உடம்பைப் பழக்கு, மறுபடி வா என்று அனுப்பிவிடுவார். ஐந்துக்குக் கீழ் இருந்தால் அந்த வேகத்தில் மணிக்கணக்காகப் போகலாம்.

முதல் டெஸ்டில் மணிக்கு எட்டரை கிலோமீட்டர் வேகம் வைத்தான். முதல் அரைமணி எல்லாம் ஒழுங்காகப் போனது. மின்விசிறியின் காற்று நெற்றியில் பட்டுக்கொண்டிருந்தது, ட்ரெட்மில்லின் மோட்டார் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, ஜன்னலுக்கு வெளியே சாயங்கால வெளிச்சம் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. சரியாக முப்பதாவது நிமிடம் கைக்கடிகாரத்தில் எண் மறைந்தது. அந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள். இரண்டு விநாடிதான். எண் திரும்பி வந்தது. அதோடு சேர்ந்து, பூட்டிய ஜன்னல் வழியாக எங்கிருந்து வந்தது என்று தெரியாமல், புது மெத்தை வாசனையும் வந்தது.

மச்சினனுடைய அறைதானே, சுவரில் ஊறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் அரைமணி சராசரி நூற்று முப்பத்து நான்கு. இரண்டாவது நூற்று நாற்பத்தொன்பது. டிரிஃப்ட் பதினொன்று புள்ளி இரண்டு.

"வேகம் ஜாஸ்தி சார்" என்றார் கோச் போனில். "குறைங்க."

அடுத்த வாரம் ஏழுக்குக் குறைத்தான். நூற்று இருபத்தைந்து, நூற்று முப்பத்தொன்பது. பதினொன்று புள்ளி இரண்டு.

அவனுக்கு எரிச்சலாக வந்தது. இருபது வருடமாக ஓடுகிறவன். சின்னப் பையன்கள் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகும் வேகத்துக்கு இறங்கியும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? காபியை நிறுத்தினான். தூக்கத்தைக் கூட்டினான். மின்விசிறியை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்தான். மூன்றாவது டெஸ்டுக்கு ஐந்தரை வைத்தான். அது ஓட்டம்கூட இல்லை, பஸ்ஸைப் பிடிக்கிற நடை. நூற்றுப் பதினாறு, நூற்று இருபத்தொன்பது.

கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தான். பதினொன்று புள்ளி இரண்டு.

"நடங்க சார், தப்பே இல்லை" என்றார் கோச்.

"நடந்துதான் சார் வந்திருக்கு இது."

"அப்ப மீட்டர் மக்கர் பண்ணுது. மீட்டர் டாக்டரே என்கிட்ட வந்து கேட்டா நான் யாரைப் போய்ப் பார்க்கிறது?" கோச் சிரித்தார். "நான் எப்பவும் சொல்றதுதான். மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் பேச முடியணும். முடியலைன்னா எந்த மீட்டரும் வேண்டாம், வேகம் ஜாஸ்தி. நாளைக்குள்ள ஒரு நல்ல பதிவு அனுப்புங்க. இல்லைன்னா இந்த வருஷம் உங்களை அனுப்ப மாட்டேன். போன வருஷம் ஒருத்தரை இழந்தது போதும்."

மீட்டர் கெட்டால் எப்படிக் கெடும் என்று அவனுக்குத் தெரியும். தட்டில் ஒரு கிலோ வைத்தாலும் பத்துக் கிலோ வைத்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் கருவியை அவன் பார்த்திருக்கிறான். முள் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கும். ஆனால் அவனுக்குத் தெரிந்த இன்னொன்றும் இருந்தது. பதினொன்று புள்ளி இரண்டு என்ற எண்ணை அவன் இதற்கு முன்பே ஒரு தடவை பார்த்திருந்தான்.

பத்து மாதத்துக்கு முன், மச்சினன் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்த அன்று. நூற்று நாற்பத்து மூன்று, நூற்று ஐம்பத்தொன்பது. கைக்கடிகாரத்தில் வந்த எண் அதுதான். நாலு புள்ளி இரண்டு இவன் வாயில் வந்த எண், கோச்சிடமும் சொன்ன எண்.

சேர்ந்து பயிற்சி செய்கிறவர்களில் மெதுவானவருடைய வேகம்தான் இருவருக்கும் என்பது கோச்சின் விதி. மச்சினன் தோற்றால் இரண்டு மாதம் இரண்டு பேரும் நடக்க வேண்டும், மலை ஓட்டம் கிடையாது. ஆபீசில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. வாழ்நாளில் ஒரு கிராம் தள்ளிச் சொல்லாதவன் அன்று ஏழு புள்ளிகளைத் தள்ளிவிட்டான். எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் இன்றும் ஆச்சரியம்.

கீழே இறங்கினான். மனைவி பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை வேலையிலிருந்து வந்து ஒரு மணி நேரமாகியும் செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"இன்னிக்கு எவ்வளவுங்க?"

"நாலு புள்ளி ரெண்டு" என்றான்.

அவள் முகம் மலர்ந்தது. பத்து மாதத்தில் அப்படி மலர்ந்து அவன் பார்க்கவில்லை. "தம்பிக்கும் அதேதானே? அன்னிக்கு ஓடி வந்து சொன்னானே, அக்கா நாலு புள்ளி ரெண்டு, நான் பாஸ்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தபடியே, "அதுக்குன்னு கடைசி அரைமணி அப்படியா தடதடன்னு ஓடுவீங்க? சுவர்ல மாட்டின படமெல்லாம் ஆடுச்சு" என்றாள்.

"நான் ஓடலையே. நடந்தேன்."

"ஆமா, யானை நடந்துது. ரெண்டு யானை."

அவன் சிரிக்க முயன்றான். அன்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தின் அமைப்புகளைத் திறந்தான். பழைய கருவிகளின் பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. அதில் இரண்டு பெல்ட்கள் இருந்தன. ஒன்று அவனுடையது. இன்னொன்று மச்சினனுக்கு டெஸ்ட் எடுத்த அன்று தன் கைக்கடிகாரத்தோடு சேர்த்தது. மச்சினனே பிடுங்கிப் பெயர் அடித்திருந்தான். 'மெத்தை'. அதற்கு எதிரே கடைசியாக இணைந்த நேரம் இருந்தது.

இன்று. மாலை ஆறு மணி ஒரு நிமிடம்.

அவனுடைய மூன்றாவது டெஸ்டின் முப்பதாவது நிமிடம்.

சிறிது நேரம் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கருவிக் கோளாறு. இந்த வீட்டில் எங்கோ ஒரு பெட்டியில் அந்தப் பெல்ட் கிடக்கிறது, பாதியில் கைக்கடிகாரம் அதன் அலைவரிசைக்குத் தாவுகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வகைப் பெல்ட் சும்மா கிடக்கும்போது எதையும் அனுப்பாது. ஈரமான தோல்மேல் இறுக்கிக் கட்டினால்தான் விழிக்கும்.

"ஏம்மா" என்றான் இருட்டில், "தம்பியோட அந்த நெஞ்சு பெல்ட் எங்க இருக்கு?"

அவள் அவன் பக்கம் புரண்டு படுத்தாள்.

"அது அவன் மேலயேதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரியில கழட்டட்டுமான்னு கேட்டாங்க. வேண்டாம், அவன் ஆசைப்பட்டு வாங்கினது, அவனோடயே போகட்டும்னு நான்தான் சொன்னேன். ஏன் கேக்கறீங்க?"

"சும்மா" என்றான்.

மறுநாள் சாயங்காலம் அவன் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டான். வானம் மூடியிருந்தது. மாடிப்படியில் நின்றே கைக்கடிகாரத்தைத் திறந்து 'மெத்தை' என்ற பெயரின்மேல் விரலை வைத்தான். நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினான். பெயர் போய்விட்டது. ஏனோ ஒருவனைக் கூட்டத்தில் கையை உதறிவிட்டு வந்ததுபோல் இருந்தது. இருந்தாலும் இன்று கோச்சுக்குப் பதிவு போக வேண்டும். போகாவிட்டால் மனைவிக்குத் தெரியும், ஏன் போகவில்லை என்று கோச்சிடமே கேட்பாள், நாலு புள்ளி இரண்டு அவிழ்ந்துவிடும். ஒன்று அவிழ்ந்தால் இன்னொன்றும்.

மணிக்கு நாலரை வைத்தான். கடைவீதியில் பராக்குப் பார்த்துக்கொண்டு போகிற நடை.

முதல் அரைமணி. நூற்று ஆறு, நூற்று ஏழு, நூற்று எட்டு. மின்விசிறி ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் வந்தது. ட்ரெட்மில்லின் ரப்பர் சூட்டில் லேசாக நாறியது. எதிர்வீட்டுத் தொட்டிமேல் இருந்த வெளிச்சம் சாம்பல் நிறமாகி, தொட்டியின் விளிம்பு மட்டும் மிஞ்சியது. இருபத்தெட்டாவது நிமிடம் அவன் வியர்க்கக்கூட இல்லை. வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் சொல்லிப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் ஆகலை, நான் நல்லாத்தான் இருக்கேன்." மூச்சு வாங்கவில்லை. அறையின் நான்கு சுவர்களும் அதை வாங்கி வைத்துக்கொண்டன.

இருபத்தொன்பது ஐம்பது. ஐம்பத்தைந்து. முப்பது.

இரண்டு கோடுகள்.

அவன் கோடுகளையே பார்த்துக்கொண்டு நடந்தான். ஒன்று. இரண்டு. எண் வந்தது. நூற்றுப் பத்தொன்பது. எண்ணுக்குக் கீழே, அவன் அரைமணிக்கு முன் அழித்த பெயர்.

மெத்தை வாசனை இந்தத் தடவை மெல்ல வரவில்லை. உறையைக் கிழித்து முகத்தருகே பிரித்ததுபோல் வந்தது.

கழுத்தில் இரண்டு விரலை வைத்து, கைக்கடிகாரத்தின் விநாடிகளைப் பார்த்து எண்ணினான். பதினைந்து விநாடிக்கு இருபத்தேழு. நிமிடத்துக்கு நூற்று எட்டு. அவனுடைய இதயம் அவனிடம்தான் இருந்தது, அமைதியாக. கடிகாரத்தில் நூற்று இருபத்து நான்கு.

சட்டைக்குள் கைவிட்டுத் தன் பெல்ட்டின் கொக்கியை அவிழ்த்து உருவினான். ஈரப் பட்டை கையில் தொங்கியது. கீழே போட்டான்.

நூற்று முப்பத்தொன்று.

அப்போதுதான் மோட்டாரின் சத்தம் மாறியிருப்பது அவன் காதில் விழுந்தது. பாரம் ஏறும்போது ஒரு கருவி எப்படி முனகும் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது. ஓர் ஆளைச் சுமக்கும் சத்தம் அவனுக்குத் தெரியும். இது அது இல்லை. தன் எழுபது கிலோவும், இன்னொரு எண்பதும். மச்சினன் எண்பத்தொரு கிலோ.

ட்ரெட்மில் பட்டையின் பின்புறம் அமுங்கியது. அவன் குதிகாலுக்கு அடியில் அது தெரிந்தது. தட். தட். தட். அவன் ஒரு காலடி வைப்பதற்குள் பின்னால் இரண்டு.

திரும்பிப் பார்க்கவில்லை. மலையிலும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க போங்க மாமா, நான் பின்னாடியே வரேன்" என்றான் மச்சினன் பதினெட்டாவது கிலோமீட்டரில். சொல்லிவிட்டு வாயை இன்னொரு முறை திறந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஏதோ கேட்க வந்தான், கேட்க வெட்கப்பட்டு மூடிக்கொண்டான். பாஸ் ஆனவன் எப்படிக் கேட்பான்? சோம்பேறித்தனம் என்று நினைத்திருப்பான். அவன் என்ன கேட்க வந்தான் என்று தெரிந்துகொண்டேதான் இவன் முன்னால் போனான். எல்லைக்கோட்டில் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தான்.

நிறுத்தும் பொத்தான் சிவப்பாக எதிரே இருந்தது. கை அதை நோக்கிப் போய், பாதியில் நின்றது. ட்ரெட்மில் நின்றால் இவன் நிற்பான். பின்னால் வருவது நிற்குமா?

வந்து முதுகில் முட்டும்.

கை வேகம் கூட்டும் பொத்தானை அழுத்தியது. ஆறு. ஏழரை. காலடிகள் கொஞ்சம் பின்தங்கின. பிறகு சேர்ந்துகொண்டன. நூற்று ஐம்பத்தொன்பது. எட்டரை. பத்து. கீழே மாட்டியிருந்த கண்ணாடிப் படம் சுவரில் இடித்துக்கொண்டது. நூற்று எழுபத்து நான்கு.

கீழே கதவு திறந்தது. சாவிக்கொத்து மேசையில் விழுந்தது.

"என்னங்க" என்று மனைவி படியின் அடியிலிருந்து கூப்பிட்டாள். "மேல யாரு கூட ஓடறீங்க?"

சொல்லிவிடலாம். இப்போதாவது. ஒரே வாக்கியம். உன் தம்பிக்குப் பதினொன்று புள்ளி இரண்டு, நான்தான் மாற்றிச் சொன்னேன். வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். "உன்..." என்றான். மூச்சு இல்லை. பேச முடியாத வேகம்.

"யாருன்னு கேக்கறேன்ல?" அவள் செருப்புச் சத்தம் முதல் படியில் ஏறியது. இரண்டாவது.

நூற்று எண்பத்தெட்டு.

பின்கழுத்தில் மூச்சு. சூடாக. ஈரமாக. வேகமாக.

நூற்றுத் தொண்ணூற்று மூன்று.

சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை பற்றியது. இழுக்கவில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் ஒன்று கேட்பதற்கு முன் தயங்குகிற கை. விரல்கள் சில்லென்றிருந்தன.

நூற்றுத் தொண்ணூற்றாறு. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த தாளில், மச்சினனின் துடிப்பு கோடாகிப் போவதற்கு முன்னால் இருந்த கடைசி எண்.

மனைவி கதவருகே வந்துவிட்டாள். உள்ளே பார்த்தாள். அவள் பார்வை கணவன்மேல் நிற்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றது. கையிலிருந்த பை நழுவியது.

காதோரம், மூச்சிரைப்புக்கு நடுவில், மரியாதையாக, பத்து மாதமாக அடக்கி வைத்திருந்த குரல் வந்தது.

"மாமா... கொஞ்சம் மெதுவாப் போங்க மாமா."